மறைவிடத்துக் கட்டிகளும் அவற்றைப் பகுத்தறியும் வகையும்

(இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரைக் கிராமவாசிகளுக்கான சுகாதாரப் பிரசங்கம்)



கையிலோ கழுத்திலோ ஒரு கட்டி தோன்றினால் மனிதன் அதை அன்றே நாலு பேரிடம் காட்டி யோசனை கேட்கிறான். அதே கட்டி ஆண்குறியின் தோலிலோ விதைப்பையின் தோலிலோ தோன்றினால், வைத்தியரிடம் மட்டுமன்று, தன் மனைவியிடமும் அதை மறைத்து விடுகிறான். இவ்வாறு மறைக்கப்படும் கட்டிகளுள் அநேகம் யாதொரு தீங்கும் செய்யாத சாதாரணக் கழலைகள். சில மட்டும் தாமதமின்றிச் சிகிச்சை பெற வேண்டிய வியாதிகளின் அடையாளங்கள். இவ்விரு வகையையும் வேறு பிரித்தறிவது எப்படி, எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதே இப்பிரசங்கத்தின் விஷயமாகும்.

சபையில் பேசக் கூச்சமான விஷயம் இது என்பது மெய்யே. ஆயினும் தோல் எங்கிருந்தாலும் தோல்தான். முகத்துத் தோலுக்கு வரும் வியாதி மறைவிடத்துத் தோலுக்கும் வரும். அதற்கு வெட்கப்பட வேண்டிய காரணம் ஒன்றுமில்லை.

மறைப்பதால் விளையும் கேடு

பாம்பன் பக்கத்தில் வலை இழுக்கும் வாலிபன் ஒருவனுக்கு விதைப்பைத் தோலில் மொச்சைக் கொட்டை அளவில் ஒரு கட்டி தோன்றியதாக வைத்துக்கொள்வோம். வலி இல்லை, புண் இல்லை. ஆயினும் அவன் மனம் முதலில் மேகவியாதியை நினைக்கிறது. தான் யாதொரு தவறும் செய்யாதவனாயினும், பிறர் தன்னைத் தவறு செய்தவனாக எண்ணுவார்களே என்று அஞ்சுகிறான். வீட்டில் கலியாணப் பேச்சு எழும்போது காரணம் சொல்லாமல் தட்டிக் கழிக்கிறான். இறுதியில், இரகசிய வியாதிகளுக்கு நிச்சய குணம் என்று சுவரில் விளம்பரம் ஒட்டுபவனிடம் போய், கடலில் பாடுபட்டுச் சேர்த்த பணத்தை மருந்துப் பொட்டலங்களுக்குக் கொடுத்துத் தீர்க்கிறான். மருந்து தீர்ந்தும் கட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஏனெனில் அது மேகவியாதியே அன்று. தகுந்த வைத்தியர் ஒருவர் பார்த்திருந்தால் சில நிமிஷங்களில் சொல்லியிருக்கக் கூடிய விஷயம் அது.

இதற்கு மறுதலையான கேடும் உண்டு. மெய்யாகவே கெட்ட வியாதி உடையவன், “இது சூட்டுக் கட்டி, தானே அடங்கி விடும்” என்று மாதக்கணக்கில் காத்திருக்கிறான். முதலாமவன் வீணாகப் பயந்து பணத்தையும் நிம்மதியையும் இழக்கிறான். இரண்டாமவன் பயப்பட வேண்டிய சமயத்தில் பயப்படாமல் உயிரையே ஆபத்துக்கு உள்ளாக்குகிறான். இருவரையும் காப்பது ஒன்றே. அது சரியான நிதானம்.

கழலை எவ்வாறு உண்டாகிறது

நம் தோலின் மேற்படலம் இடைவிடாது வளர்ந்து, பழைய செதில்களை வெளியே உதிர்த்துக்கொண்டிருக்கிறது. சில இடங்களில் மயிர்க்காலின் வாய் அடைபட்டோ, சிறு காயத்தால் மேற்படலத்தின் துணுக்கொன்று உள்ளே புதைந்தோ போவதுண்டு. அப்பொழுது அத்துணுக்கு தோலுக்குள் ஒரு சிறு பையாக வளர்கிறது. அப்பையின் உட்புறத்திலிருந்து உதிரும் செதில்கள் வெளியேற வழியின்றி உள்ளேயே சேர்ந்து, தயிர்க்கட்டியைப் போன்ற வெண்மையான பொருளாகின்றன. இதுவே தோற்கழலையாகும். ஜனங்கள் இதைக் கொழுப்புக் கட்டி என்று அழைக்கிறார்கள். உள்ளிருப்பது கொழுப்பன்று; நகத்திலும் மயிரிலும் உள்ள கெரட்டின் என்னும் பொருளே அது. ஆகையால் நெய்யையும் எண்ணெயையும் நிறுத்தினால் கட்டி கரையும் என்று பத்தியம் இருப்பதில் பயனில்லை.

விதைப்பையின் தோலில் மயிர்க்கால்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் மிகுதி. ஆகையால் இவ்வகைக் கழலைகள் அவ்விடத்தில் தோன்றுவது அபூர்வமன்று. ஒருவருக்கு ஒன்று இருக்கலாம். மற்றொருவருக்குப் பத்து, இருபது என்று கொத்தாகவும் இருக்கலாம். இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதில்லை. தாம்பத்திய வாழ்க்கைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் இடையூறு செய்வதில்லை. புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது.

கழலையின் லட்சணங்கள்

தீங்கற்ற தோற்கழலையை அறிய ஐந்து லட்சணங்கள் உண்டு. முதலாவது, அது தோலிலேயே இருக்கும். இரு விரல்களால் தோலைப் பிடித்து நகர்த்தினால் கட்டியும் தோலோடு கூட நகரும். உள்ளே இருக்கும் விதையோடு ஒட்டாது. இரண்டாவது, உருண்டையாகவும் வழவழப்பாகவும் இருக்கும். ஓரம் தெளிவாகத் தெரியும். மூன்றாவது, நிறம் தோலின் நிறமாகவோ, சற்று வெளுப்பாகவோ, மஞ்சளாகவோ இருக்கும். சிலவற்றின் உச்சியில் ஊசிமுனை அளவு கறுத்த துவாரம் ஒன்று காணப்படும். அது இருந்தால் கழலை என்பது பெரும்பாலும் உறுதி. நான்காவது, வளர்ச்சி மிக மெதுவாக இருக்கும். சென்ற வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் அதிக வித்தியாசம் தெரியாது. ஐந்தாவது, சீழ் பிடித்தாலன்றி வலி இராது. மேலே புண் இராது.

இவ்வைந்தும் பொருந்தினால் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். ஆயினும் ஒரு முறையேனும் வைத்தியரிடம் காட்டி, அவர் வாயால் கழலை என்று கேட்டுக்கொள்வது உத்தமம்.

கழலையின் இனத்தைச் சேர்ந்த பிற கட்டிகள்

விதைப்பையில் கடலைப் பருப்புப் போலும் புளியங்கொட்டை போலும் கல்லைப்போல் கெட்டியான வெண்ணிறக் கட்டிகள் பல சிலருக்குத் தோன்றும். இவை சுண்ணாம்புச் சத்து படிந்த கட்டிகள். 1883-ஆம் வருஷத்தில் லெவின்ஸ்கி என்பவர் இவற்றை வைத்திய நூலில் முதன்முதல் விவரித்தார். பழைய தோற்கழலைகளில் சுண்ணாம்புச் சத்து படிந்தே இவற்றுட் பல உண்டாகின்றன என்பது வைத்தியர் பலரின் கருத்து. இரத்தத்தைச் சோதித்தால் சுண்ணாம்புச் சத்தின் அளவு சரியாகவே இருக்கும். வாலிபத்தில் ஒன்றிரண்டாகத் தொடங்கி வருஷங்கள் செல்லச் செல்லப் பலவாகும். சில சமயம் உடைந்து சுண்ணாம்பைப் போன்ற தூள் வெளிவரும். பார்ப்பதற்கு அச்சம் தருவதாயினும் இதுவும் தீங்கற்றதே.

வேறு சிலருக்கு மார்பிலும் அக்குளிலும் விதைப்பையிலும் மஞ்சள் நிறமான சிறு கழலைகள் பல தோன்றும். குத்தினால் எண்ணெய் போன்ற திரவம் வரும். இது தகப்பனுக்கு இருந்து மகனுக்கும் வருவதுண்டு. தொற்று நோயால் அன்று, பிறவியிலேயே அமைந்த தோலின் இயல்பால் வருவது.

ஆண்குறியின் அடிப்புறத்தில், நுனியிலிருந்து விதைப்பையின் நடுவாக ஆசனவாய் வரையில் ஒரு நடுவரை ஓடுவதைக் காணலாம். கருவில் குழந்தை உருவாகும்போது இரு பக்கங்களும் கூடி ஒட்டிய தழும்பே அவ்வரை. ஒட்டும்போது சிறு துணுக்கு உள்ளே தங்கி விட்டால், பிற்காலத்தில் அவ்வரையின் மேல் தெளிந்த நீர் கொண்ட கட்டியாகத் தோன்றும். சிறுவர்களிடத்தும் வாலிபர்களிடத்தும் இது காணப்படுகிறது. குழந்தையின் குறியில் இத்தகைய கட்டியைக் கண்ட பெற்றோர் பதற வேண்டியதில்லை. குழந்தையை வைத்தியரிடம் காட்டினால் போதும்.

கட்டியே அல்லாதவை

வியாதி என்று தவறாக எண்ணப்படும் இயற்கை அமைப்புகள் சில உண்டு. ஆண்குறியின் மொட்டைச் சுற்றி, அதன் விளிம்பில் வரிசை வரிசையாக 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவில் முத்துக்கள் கோத்தாற்போல் தோன்றும் சிறு மணிகள் வாலிபர் அநேகருக்கு உண்டு. இவை மருவும் அல்ல, மேகமும் அல்ல. இவ்வாறே தண்டின் தோலில் ரவை போன்ற மஞ்சள் புள்ளிகள் தெரியும். அவை மயிரில்லாத இடத்தில் அமைந்த எண்ணெய்ச் சுரப்பிகளே. நடுவயது கடந்தவர்களின் விதைப்பையில் கருஞ்சிவப்பான இரத்தப் புள்ளிகள் தோன்றுவதுண்டு. அவை விரிந்த நுண்ணிய இரத்தக் குழாய்கள். கடைசியாகச் சொன்ன இவ்விரண்டையும் 1896-ஆம் வருஷத்தில் அமெரிக்காவைச் சேர்ந்த டாக்டர் போர்டைஸ் விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே இவை வழங்குகின்றன. இவற்றுக்கு மருந்து தேவையில்லை.

தொற்று நோய்களின் அடையாளங்கள்

இனி, அலட்சியம் செய்யத் தகாதவற்றைக் கவனிக்கலாம். கிரந்தி என்னும் மேகநோய் கட்டியாக அன்று, புண்ணாகவே பெரும்பாலும் தொடங்குகிறது. அப்புண்ணில் வலி இராது. அடிப்புறம் குருத்தெலும்பைப் போல் கெட்டியாக இருக்கும். அரையில் நெறி கட்டும். இதில் பெரிய மோசம் ஒன்று உண்டு. மருந்தே இல்லாமல் சில வாரங்களில் புண் தானே ஆறி விடும். நோயாளி குணமானதாக நம்பி விடுகிறான். நோயோ உள்ளே சென்று, பல வருஷங்களுக்குப் பின் இருதயத்தையும் மூளையையும் தாக்குகிறது. கர்ப்பிணியான மனைவிக்குத் தொற்றினால் சிசுவையும் கெடுக்கிறது. போலி வைத்தியன் கொடுத்த சூரணத்தால் புண் ஆறியது என்று கொள்ளப்படும் கதைகளின் மர்மம் இதுவே. இந்நோயின் கிருமி 1905-ஆம் வருஷத்தில் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்டது. 1943-ஆம் வருஷம் முதல் பெனிசிலின் ஊசி இதற்குக் கைகண்ட மருந்தாக விளங்கி வருகிறது. ஆரம்பத்திலேயே வந்தால் எளிதில் தீரும்.

கோழிக்கொண்டை போல் சொரசொரப்பாகவும் கொத்தாகவும் வளர்வது மரு. முத்துப்போல் பளபளத்து நடுவில் சிறு குழி உடைய பருக்கள் வேறொரு கிருமியால் வருபவை. இவ்விரண்டும் தொற்றக் கூடியவை, சிகிச்சை உண்டு. கொப்புளங்கள் கூட்டமாகத் தோன்றி எரிச்சலோடு உடைந்து, மீண்டும் மீண்டும் வருமாயின் அது அக்கி இனத்தைச் சேர்ந்தது.

கிராமங்களில் மிகவும் சாதாரணமாகக் காணப்படும் மற்றொன்று சொறி. ஆண்குறியிலும் விதைப்பையிலும் சிவந்த கெட்டியான பருக்கள் தோன்றி, இராக் காலத்தில் தாங்க முடியாத அரிப்பு உண்டாகும். விரல் இடுக்கிலும் அரிப்பு இருக்கும். வீட்டில் மற்றவர்களுக்கும் இருக்கும். பூச்சி செத்த பின்னும் மறைவிடத்துப் பருக்கள் வாரக்கணக்கில் நிற்பதுண்டு. இதை மேகமென்று எண்ணிக் கலங்குபவர் பலர். வீட்டார் அனைவரும் ஒரே சமயத்தில் மருந்து பூசி, துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தினால் தீரும்.

தோலுக்கு உள்ளே உள்ள வீக்கங்கள்

கட்டி தோலில் இல்லாமல் பையின் உள்ளே இருப்பதாகத் தெரிந்தால் விஷயம் வேறு. ஓதம் அல்லது அண்டவாதம் என்று ஜனங்கள் கூறும் வீக்கத்தில் விதையைச் சுற்றி நீர் சேர்கிறது. இதற்குக் காரணங்கள் பல; யானைக்கால் நோயின் கிருமி அவற்றுள் ஒன்று. 1863-ஆம் வருஷத்தில் பாரிஸ் நகரத்து வைத்தியர் டெமார்க்கே அக்கிருமியின் குஞ்சுகளை முதன்முதல் கண்டது இத்தகைய விதை வீக்கத்து நீரிலேயாம். 1872-ல் கல்கத்தாவில் டாக்டர் லூயிஸ் அவற்றை மனித இரத்தத்தில் கண்டார். சாக்கடை நீரில் பெருகும் கொசு இதைப் பரப்புகிறது. ஆகையால் சாக்கடைத் தேக்கத்தை ஒழிப்பதும் ஆண்களின் இவ்வியாதிக்கு ஒரு மருந்தேயாகும்.

குடலிறக்கத்தில் அரையிலிருந்து வீக்கம் இறங்கும். இருமினால் பெருக்கும், படுத்தால் பெரும்பாலும் உள்ளே போய்விடும். போன வீக்கம் போகாமல் நின்று வலியும் வாந்தியும் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறுவனுக்கோ வாலிபனுக்கோ விதையில் திடீரென்று கடும் வலி தோன்றினால், விதை முறுக்கிக் கொண்டிருக்கலாம்; சுமார் 6 மணி நேரத்துக்குள் சஸ்திர சிகிச்சை செய்தால்தான் அதைக் காப்பாற்றும் நம்பிக்கை அதிகம். இரவு கழியட்டும் என்று காத்திருக்கலாகாது. விதையிலேயே வலியில்லாத கெட்டி தோன்றினால் அது புற்றுநோயாக இருக்கலாம். இது 15 வயது முதல் 40 வயது வரையுள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. காலத்தில் கண்டால் பெரும்பாலும் குணமாகக் கூடியது.

புகைக்கூண்டுத் தொழிலாளரின் கதை

தவறான நிதானம் எத்தகைய தீங்கைச் செய்யும் என்பதற்கு இங்கிலாந்து தேசத்துச் சரித்திரமொன்று தக்க சான்றாகும். பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் நகரத்தில் ஏழைச் சிறுவர்களை வீட்டுப் புகைக்கூண்டுகளுக்குள் ஏற்றிப் புகைக்கரியைச் சுரண்டச் செய்தார்கள். அவர்களிற் பலர் வயது வந்தபின் விதைப்பைத் தோலில் ஒரு சிறு பருவும், பிறகு ஓரம் தடித்த புண்ணும் உண்டாகி வருந்தினார்கள். மறைவிடத்துப் புண் என்றதும் நோயாளியும் வைத்தியரும் ஒருங்கே மேகநோய் என்று முடிவு கட்டி, பாதரச மருந்துகளைக் கொடுத்தார்கள். நோய் அதிகரித்ததே தவிரக் குறையவில்லை. 1775-ஆம் வருஷத்தில் பெர்சிவல் பாட் என்னும் சஸ்திர வைத்தியர், இது மேகமன்று, தோல் மடிப்புகளில் படிந்த புகைக்கரியால் வரும் புற்றுநோய் என்று எழுதி வெளியிட்டார். தொழிலால் புற்றுநோய் வரும் என்பதை உலகம் அறிந்தது அது முதலாகவே. 1915-ல் ஜப்பான் தேசத்து யமகிவா, இச்சிகாவா என்னும் இரு அறிஞர்கள் முயலின் காதில் கீலைத் திரும்பத் திரும்பப் பூசிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டி, அவ்வுண்மையைச் சோதனையால் நிலைநாட்டினார்கள்.

இக்கதை இந்த ஜில்லாவுக்கும் பொருந்துவதே. சீமைக் கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் தொழிலாளர் இங்கே அநேகர். அவர்கள் மாலையில் வீடு திரும்பியதும் அரையையும் தோல் மடிப்புகளையும் சோப்பிட்டுக் கழுவி, கரி படிந்த துணியை மாற்றி விடுவது நல்லது.

ஆண்குறியில் வரும் புற்றுநோயைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேல்நாடுகளைவிட நம் நாட்டுக் கிராமங்களில் இது அதிகம். முன்தோல் பின்னுக்கு வராமல் இறுகியவர்களுக்கும், உள்ளே அழுக்கு தங்க விடுபவர்களுக்கும், புகையிலை உபயோகிப்பவர்களுக்கும் இது வரும் சம்பவம் கூடுதல். குழந்தைப் பருவத்திலேயே சுன்னத்துச் செய்யப்பட்டவர்களிடம் மிக அரிது. மற்றவர்கள் தினமும் குளிக்கும்போது முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி நல்ல நீரால் கழுவிக்கொள்வதே போதிய காப்பு. முன்தோலின் கீழ் ஆறாத புண், வளரும் தடிப்பு, துர்நாற்றமுள்ள கசிவு, இரத்தம் ஆகியவற்றுள் ஏதேனும் கண்டால் தாமதம் கூடாது.

வைத்தியர் செய்யும் பரிசோதனை

வைத்தியரிடம் போனால் என்ன செய்வாரோ என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது. அவர் செய்வது மிகச் சாதாரணமானது. மறைவான அறையில் நோயாளியை நிறுத்தியும் படுக்க வைத்தும் பார்ப்பார். கட்டி எப்பொழுது தோன்றியது, வளர்கிறதா, வலி உண்டா, வீட்டில் வேறு யாருக்கேனும் உண்டா, நீரிழிவு உண்டா என்று கேட்பார். பிறகு தோலைப் பிடித்துக் கட்டி தோலில் உள்ளதா, உள்ளே உள்ளதா என்று தீர்மானிப்பார். இருமச் சொல்லிப் பார்ப்பார். டார்ச் விளக்கை வீக்கத்தின் பின்னால் வைத்துப் பார்ப்பார். நீர் நிறைந்த வீக்கமானால் ஒளி ஊடுருவிச் செந்நிறமாகத் தெரியும். கெட்டியான கட்டியானால் ஒளி ஊடுருவாது. அரையில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். தோற்கழலைக்குப் பெரும்பாலும் இதற்கு மேல் பரிசோதனை வேண்டியதில்லை.

சந்தேகம் இருந்தால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார். புண் இருந்தால் மேகநோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் இப்பரிசோதனை இலவசமாகவும் இரகசியமாகவும் செய்யப்படுகிறது. 2018-ஆம் வருஷத்தில் அமுலுக்கு வந்த மத்திய சட்டம், எச்.ஐ.வி. விஷயத்தில் நோயாளியின் சம்மதமின்றிச் சோதிப்பதையும் அவன் இரகசியத்தை வெளியிடுவதையும் தடுக்கிறது.

சிகிச்சை

தொந்தரவு செய்யாத கழலையை அப்படியே விட்டு விடலாம். உடுப்பு உராய்ந்து வலித்தாலோ, அடிக்கடி சீழ் பிடித்தாலோ, மனத்துக்கு ஓயாத சஞ்சலமாக இருந்தாலோ அகற்றி விடலாம். அவ்விடத்தை மட்டும் மரத்துப் போகச் செய்யும் ஊசி போட்டு, கழலையைப் பையோடு முழுமையாக எடுத்துத் தையல் போடுவார்கள். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். உள்ளிருப்பதை மட்டும் பிதுக்கி எடுத்தால் பை தங்கி விடுகிறது. கழலை மறுபடியும் நிறைகிறது. எடுத்த கட்டியைச் சோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்ப்பது முறை. அந்த முடிவைக் கேட்டு வாங்கிக்கொள்வது நோயாளியின் கடமை.

சீழ் பிடித்த கழலையை முதலில் கீறிச் சீழை வடியவிட்டு, வீக்கம் தணிந்தபின் பையை எடுப்பார்கள். நீரிழிவு உள்ளவர்கள் இங்கே விசேஷ எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவர்களுக்கு விதைப்பையில் தோன்றிய சிறு சீழ்க்கட்டி சில மணி நேரத்தில் பரவித் தோலையே அழுகச் செய்வதுண்டு. வலி மிகுந்து, ஜுரம் கண்டு, தோல் கறுக்கத் தொடங்கினால் 108 வண்டியை அழைக்க ஒரு கணமும் யோசிக்கலாகாது.

செய்யத் தகாதவை

சீமைக் கருவேல முள்ளாலோ தூண்டில் முள்ளாலோ ஊசியாலோ கட்டியைக் குத்தலாகாது. எருக்கம்பால், கள்ளிப்பால், சேராங்கொட்டை எண்ணெய், சுண்ணாம்பு ஆகியவற்றை அவ்விடத்தில் பூசலாகாது. அங்கே தோல் மிக மெல்லியது. இவை கட்டியைக் கரைப்பதற்கு முன் தோலை வேகச் செய்து விடும். மயிரை அடியோடு சிரைப்பதும், நகத்தால் கிள்ளுவதும், அடிக்கடி பிசைந்து பார்ப்பதும் சீழ் பிடிக்க வழியாகும். மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கும் களிம்புகளுட் பல ஸ்டிராய்டு கலந்தவை; படர்தாமரை உள்ள இடத்தில் அவற்றைப் பூசினால் முதலில் தணிந்தது போலக் காட்டிப் பிறகு பெருகும். பெயரும் பட்டமும் தெரியாதவன் கொடுக்கும் பொட்டலங்களை உட்கொள்ளலாகாது.

கடற்கரைத் தொழிலாளருக்கு

வலை இழுப்பவரும், சங்கு குளிப்பவரும், உப்பளத்தில் நிற்பவரும் உப்பு நீரில் நனைந்த துணியோடு பல மணி நேரம் வேலை செய்கிறார்கள். பனை ஏறுபவருக்குத் தொடையும் அரையும் மரத்தில் உராய்கின்றன. ஈரமும் உராய்வும் சேர்ந்தால் தோல் புண்ணாகிறது, படர்தாமரை பிடிக்கிறது, மயிர்க்கால்களில் சீழ் கட்டுகிறது. கரை சேர்ந்ததும் நல்ல நீரில் குளித்து, அரையை ஈரம் போகத் துடைத்து, உலர்ந்த பருத்தித் துணியை உடுத்துவது எளிதில் செய்யக் கூடியது. இராமேசுவரத்தில் தீர்த்தமாடி ஈரத்துணியோடு சுற்றும் யாத்திரிகருக்கும் இது பொருந்தும்.

கழலையை அகற்றிக்கொள்ள விரும்பும் விசைப்படகுத் தொழிலாளர், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை அதற்கு உபயோகித்துக் கொள்ளலாம். காயம் நன்றாக ஆறும்வரை கடல்நீரில் இறங்கலாகாது, பாரம் இழுக்கலாகாது. கூலி கெடும் என்று தயங்குபவருக்கு அதைவிட வசதியான காலம் இல்லை.

எங்கே போவது

அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் காட்டலாம். இராமேசுவரம், கீழக்கரை, பரமக்குடி முதலிய ஊர்களில் அரசாங்க ஆஸ்பத்திரிகள் உண்டு. 2022-ஆம் வருஷம் ஜனவரி மாதம் இராமநாதபுரத்தில் அரசாங்க மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதால், தோல் வியாதிக்கும் சஸ்திர சிகிச்சைக்கும் உரிய வைத்தியர்கள் ஜில்லாவின் தலைநகரிலேயே கிடைக்கிறார்கள். நேரில் போகக் கூச்சமுள்ளவர் 104 என்னும் எண்ணில் டெலிபோன் மூலம் யோசனை கேட்கலாம். ஆண் வைத்தியர்தான் பார்க்க வேண்டும் என்று விரும்பினால் அதைத் தயங்காமல் கேட்கலாம்.

கிராமப் பெரியோர் செய்யத்தக்கது

பஞ்சாயத்தாரும், மீனவர் சங்கத்தாரும், ஜமாத்துப் பெரியோரும், கோயில்களையும் மாதாகோயில்களையும் சார்ந்தவர்களும் இதில் செய்யத்தக்க பெரிய உதவி ஒன்று உண்டு. மறைவிடத்து வியாதி என்றால் ஒழுக்கக் கேடு என்று பேசும் வழக்கத்தை அவர்கள் கண்டிக்க வேண்டும். கழலை வந்தவன் பாவியுமல்லன்; மேகநோய் வந்தவனும் சிகிச்சைக்கு உரியவனே. வாலிபர்கள் தகப்பனிடம் சொல்லக் கூசுவதைத் தாய்மாமனிடமோ தமையனிடமோ சொல்வார்கள். அவ்வாறு சொன்னால் கேலி செய்யாமல் கூடவே ஆஸ்பத்திரிக்குச் சென்று வருவதே உறவினர் கடமை. சுவரில் ஒட்டப்படும் இரகசிய வைத்திய விளம்பரங்களைக் கிழித்தெறிவதும் ஊருக்குச் செய்யும் தொண்டாகும்.

சுருக்கமாகச் சொன்னால், தோலோடு நகர்ந்து, வழவழப்பாய், வலியின்றி, வருஷக்கணக்கில் மாறாதிருக்கும் கட்டி பெரும்பாலும் தீங்கற்ற கழலை. மூன்று வாரம் கடந்தும் ஆறாத புண், விரைவில் வளரும் கட்டி, இரத்தமோ துர்நாற்றமோ உள்ள தடிப்பு, விதையிலேயே உள்ள கெட்டி, அரையில் கட்டிய நெறி ஆகிய இவை ஐந்தும் கண்டவுடன் காட்டத்தக்கவை. திடீரென்று வந்த விதைவலி, உள்ளே போகாத குடலிறக்கம், ஜுரத்தோடு கறுக்கும் தோல் ஆகிய இவை மூன்றும் அந்த நாழிகையே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை.

மாதம் ஒரு முறை, வெதுவெதுப்பான நீரில் குளித்தபின் விதைப்பையின் தோல் தளர்ந்திருக்கும்போது, ஒவ்வோர் ஆண்மகனும் இரு கைவிரல்களாலும் தன்னைத்தானே தடவிப் பார்த்துக்கொள்வது நல்ல வழக்கம். இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகாது. தன் உடம்பின் இயல்பு தனக்குத் தெரிந்திருந்தால், புதிதாக ஏதேனும் தோன்றும்போது அது தானே விளங்கும்.